போர் ஒன்றும் மேட்ச் அல்ல!



எங்காவது போர் என்று செய்தி வந்தால் போதும்... "அந்தப் பக்கம் எத்தனை பேர் காலி? இந்தப் பக்கம் எத்தனை?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோலக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்களே கேட்கிறார்கள்! அப்படி ஒரு பழைய போரின் கணக்கிலிருந்து ஒரே ஒருவரை மட்டும் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம்.

அவர் பெயர் எடி கிராண்ட். 1883-ல் பிறந்த அமெரிக்கர். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அப்படி அவர்களுக்கு பேஸ்பால். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே கிராண்ட் பேஸ்பால் ஆடினார். பிறகு பெரிய அணிகளில் சேர்ந்தார். ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை. ஆடிக்கொண்டே சட்டமும் படித்து முடித்தார்!

அவரைப் பற்றி ஒரு வேடிக்கையான கதை உண்டு. பந்து உயரே எழும்பி வரும்போது, இரண்டு பேர் முட்டிக்கொள்ளக் கூடாது அல்லவா? அதனால் பிடிக்கப் போகிறவர் "ஐ காட் இட்!" என்று கத்துவார். கிராண்ட் மட்டும், அது இலக்கணப்படி சரியில்லை என்று "ஐ ஹேவ் இட்!" என்பாராம். பந்து தலைக்கு மேலே வரும்போதும் இலக்கணம் பார்த்த மனிதர்! (உங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு இவரை ரொம்பப் பிடிக்கும்.)

பெரிய நட்சத்திர ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. நம்பகமானவர், அவ்வளவுதான். கடைசியாக நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடிவிட்டு, 1915-ல் ஓய்வு பெற்று வக்கீல் தொழிலுக்குப் போனார்.

1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப்போரில் இறங்கியது. அப்போது முதலில் 21 முதல் 30 வயது வரை உள்ளவர்களைத்தான் கட்டாயமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். கிராண்டுக்கு 33 வயது. பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம். தானாகவே போய்ச் சேர்ந்தார்; கேப்டன் ஆனார்.

1918 அக்டோபர். பிரான்சில் ஆர்கோன் காடு. அமெரிக்கப் படையினர் சுமார் 550 பேரை ஜெர்மானியர்கள் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். சோறு தண்ணீர் இல்லை. போதாததற்குச் சொந்தப் படையின் குண்டுகளே அவர்கள்மேல் விழுந்தன! அவர்களுக்குத் தலைவராக இருந்த விட்டில்சியும் ஹார்வர்டில் சட்டம் படித்தவர்தான். அவர்களை மீட்கப் போன படைகளில் ஒன்றில் இருந்தார் கிராண்ட். பல நாள் அலைச்சலில் நடக்கவே தெம்பில்லாத நிலை. மேலதிகாரி அடிபட்டதும் பொறுப்பைத் தானே ஏற்றார். காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்ல ஆட்களைக் கூவி அழைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பீரங்கிக் குண்டு அவரைக் கொன்றது. அன்று அக்டோபர் 5. இரண்டு நாளில் மற்ற படையினர் காட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். 194 பேரால்தான் நடந்து வெளியே வர முடிந்தது. கிராண்ட் இறந்த 37-வது நாள் போரே முடிந்துவிட்டது!

பேஸ்பாலில் அவுட்டானவர் பெஞ்சில் போய் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி மட்டையோடு வருவார். கிராண்ட், பிரான்சில் ரொமான் என்ற ஊரின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். அங்கே 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். இவர் இலக்கணம் பார்த்தவர் என்று நமக்குத் தெரிகிறது. பக்கத்தில் இருப்பவர்களில் யார் நன்றாகப் பாடுவார், யார் கணக்கில் புலி... யாருக்குத் தெரியும்?

அந்தக் காட்டிலிருந்து செய்தி கொண்டுவந்ததாகப் புகழ்பெற்ற ஷேர் அமி என்ற புறாவை, பாடம் செய்து இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். பாவம், அதன் புகழ்கூட கிராண்டுக்கு இல்லை. 1921-ல் ஜயன்ட்ஸ் அணி தன் நியூயார்க் மைதானத்தின் உள்ளேயே அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் வைத்தது. 1957-ல் அணி ஊரை மாற்றியபோது, கடைசி ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் உள்ளே புகுந்து கையில் கிடைத்ததைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கிராண்டின் பெயர்ப் பலகையும் அதோடு காணாமல் போனது! 2006-ல்தான், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள புது மைதானத்தில் அதேபோல் ஒரு பலகை வைத்தார்கள். மேட்ச் பார்க்கும் அவசரத்தில் எத்தனை பேர் நின்று படிக்கிறார்களோ!

அன்புடன்,
ஆசிரியர்