உளவியல் முதலாண்டு: கடுமை பாடத்திலா, தேர்விலா?

பிறர் மனத்தை அறிவதினும் தன் மனத்தை அறிதல் அரிது என்பது ஆன்றோர் கண்ட உண்மை. அம்மனத்தையே பாடப்பொருளாகக் கொண்டு எழுந்த துறை உளவியல். அதனை நாடி இன்று மாணவ மாணவியர் பலர் கல்லூரிக்கு வருகின்றனர். வரும்போது பேரார்வத்தோடு வருகின்றனர். முதற்பருவம் முடியுமுன்னரே, "இது நாம் நினைத்து வந்த பாடமன்று" என்று சோர்வடைகின்றனர். இச்சோர்வு எதனால் விளைகிறது? பாடம் கடுமையாக இருப்பதாலா? அன்றித் தேர்வு முறை பிழைபட்டிருப்பதாலா? தமிழ்த்துறை வெளியிடும் மலரில் இவ்வாராய்ச்சி எதற்கு என வினவுவோரும் இருக்கலாம். இச்சிக்கலில் ஒரு பாதி மொழியைப் பற்றியது என்பதே அவர்களுக்கு நம் விடை.

மலையடிவாரத்தில் எழுந்த வினா

இதனை எண்ணத் தொடங்குங்கால் நம் நினைவு திருவண்ணாமலைக்குச் செல்கிறது. அம்மலையின் தென்புற அடிவாரத்தில், செங்கம் சாலையில் அமைந்தது ரமணாசிரமம். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை அதன் வாயில் வழியே செல்கிறது. சாதுக்களும், அயல்நாட்டிலிருந்து தியானம் பயில வந்தோரும், நூல் விற்கும் கடைகளும் நிறைந்த அப்பகுதியில் 'மனம்' என்னும் சொல் நாள்தோறும் பலர் நாவில் வழங்குவது. அங்கு வளரும் இளைஞன் ஒருவன் உளவியல் கற்க விரும்பினால் அதில் வியப்பேதுமில்லை.

அம்மலையில் விரூபாட்ச குகையில் வாழ்ந்த ரமணரை 1902ஆம் ஆண்டு நாடிச் சென்றவர் சிவப்பிரகாசம் பிள்ளை என்பார். அவர் தத்துவப் பாடத்தில் பட்டம் பெற்றவர். தென்னார்க்காடு மாவட்டத்தில் வருவாய்த் துறையில் பணிபுரிந்தவர். அவர் எழுப்பிய வினாக்களுக்கு, அந்நாளில் பேசாதிருந்த ரமணர் எழுத்தாலேயே விடை தந்தார். அவ்வினா விடைகளே பின்னர் 'நான் யார்?' என்னும் சிறுநூலாக வெளிவந்தன. தத்துவம் பயின்று, தேர்வெழுதி, பட்டமும் பெற்ற ஒருவர், தேர்வில் தீராத வினா ஒன்றைச் சுமந்துகொண்டு மலையேறினார் என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

மற்றொரு செய்தியும் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் கார்ல் யுங் 1937ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா வந்தார். தென்னாடு வரை வந்தும் அவர் ரமணரைச் சந்திக்கவில்லை. பின்னாளில் ரமணரைப் பற்றி ஜெர்மன் மொழியில் சிம்மர் எழுதிய நூல் 1944இல் வெளிவந்தபோது, அதன் முன்னுரையில் தாம் அவரைக் காணாது சென்றதை யுங் குறிப்பிட்டு எழுதினார். மனத்தை ஆராயும் நெறிகள் இரண்டு அருகருகே வந்தும் ஒன்றையொன்று சந்தியாது போயின.

அவ்விரு நெறிகளும் வெவ்வேறானவை. ரமணர் காட்டியது, ஒருவன் தன்னுள் தானே தேடிக் காணும் நெறி. பல்கலைக்கழகங்கள் கற்பிப்பதோ, பிறரும் சரிபார்க்கத்தக்க வகையில் அளந்து காணும் நெறி. 1879ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்தபோது இந்நெறி தனித்துறையாக உருப்பெற்றது. 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை தொடங்கியதன் மூலம் நம் நாட்டிலும் வேரூன்றியது. இவற்றுள் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பது நம் கருத்தன்று. முன்னதை எதிர்பார்த்து வந்தவனுக்குப் பின்னது கற்பிக்கப்படும்போது, அவ்வேறுபாட்டை எடுத்துரைப்பார் இல்லாமையே முதல் இடர் என்கிறோம்.

எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

மாநிலப் பாடத்திட்டத்தில் பயின்று வருவோருள் பெரும்பாலோர் மேனிலைப் பள்ளியில் உளவியலைப் பாடமாகக் கண்டதே இல்லை. கனவின் பொருளையும், பிறர் மனத்தைப் படிக்கும் கலையையும், துயருற்றோரைத் தேற்றும் வழியையும் கற்கப் போவதாக எண்ணி வகுப்பினுள் நுழைகின்றனர். அவர்களை எதிர்கொள்வன நரம்பணுவின் அமைப்பும், மூளையின் பகுதிகளும், ஆய்வு முறைகளும், சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு முதலிய புள்ளியியல் கணக்குகளுமே. கணக்குக்கு அஞ்சிக் கலைப்பிரிவை நாடியவர்கள் இங்கும் கணக்கைக் கண்டு திகைக்கின்றனர்.

இக்கடுமையை நீக்கிவிட வேண்டும் என நாம் கூறவில்லை; அது தேவையான கடுமையே. திருவண்ணாமலையிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். முழுநிலவு நாளில் மனக்கலக்கம் மிகும் என்பது மக்களிடையே நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. பௌர்ணமி இரவில் அவ்வூர் மருத்துவமனைக்கு மனங்கலங்கி வருவோர் தொகை மற்றை நாள்களினும் மிகுதி என்று கணக்கெடுப்பொன்று காட்டுவதாகக் கருதிக்கொள்வோம். உடனே நம்பிக்கை மெய்யாயிற்று என்று கூறிவிட முடியுமா? அன்றிரவு கிரிவலத்திற்குப் பல்லாயிரவர் திரள்கின்றனர், உறக்கமின்றி நடக்கின்றனர், கூட்ட நெரிசலில் அல்லலுறுகின்றனர். காரணம் நிலவா, கூட்டமா, உறக்கமின்மையா? இரண்டு ஒருங்கே நிகழ்வதால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது என்னும் இவ்வொரு தெளிவைப் பெற்றவன் வதந்திக்கும் பொய்ம்மருந்துக்கும் எளிதில் இரையாகான். புள்ளியியல் தரும் பயன் இது. ஆயினும் வகுப்பறையில் சூத்திரம் மட்டும் கரும்பலகையில் எழுதப்பெற்று, இப்பயன் சொல்லப்படாது போவது மிகுதி.

சொல்லால் வரும் இடர்

இரண்டாவது இடர் மொழியால் வருவது. தமிழ்வழியில் பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற மாணவன், முற்றிலும் புதிதாகிய ஒரு துறையை முற்றிலும் ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறான். கருத்தும் புதிது, சொல்லும் புதிது என்னும் நிலையில் அவன் செய்யக்கூடியது மனப்பாடம் ஒன்றே.

தமிழில் விளக்க முற்படும் ஆசிரியருக்கும் இடர் உண்டு. ஒரே கருத்தினை ஒரு நூல் 'புலன்காட்சி' என்கிறது. மற்றொரு நூல் 'புலக்காட்சி' என்கிறது. 'எதிர்மறை வலுவூட்டல்' என்னும் தொடரைக் கேட்ட மாத்திரத்தில் மாணவன் அதனைத் தண்டனை என்றே கொள்கிறான். உண்மையில் அது தண்டனைக்கு நேர்மாறானது. தலைவலி கண்டவன் மாத்திரை உண்கிறான், வலி நீங்குகிறது, அடுத்த முறை வலித்ததும் தயங்காது மாத்திரையை நாடுகிறான். துன்பம் நீங்கியதால் ஒரு செயல் வலுப்பெற்றது. அதுவே எதிர்மறை வலுவூட்டல். தண்டனையோ செயலைக் குறைப்பது. இவ்வெளிய விளக்கம் தாய்மொழியில் கிட்டாமையால் தேர்வில் இவ்வினாவிற்குத் தவறிழைப்போர் பலர்.

தமிழுக்கு இத்துறை அயலானதன்று. அச்சம், உவகை, வெகுளி முதலாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, உள்ளத்து உணர்ச்சி உடலில் புலப்படும் வகையைத் தொல்காப்பியம் ஓர் இயலில் விரித்துரைக்கிறது. உணர்ச்சிக்கும் உடல் மாற்றத்திற்கும் உள்ள தொடர்பை அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1884இல் ஆராய்ந்து, உடல் மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்னும் கொள்கையை முன்வைத்தார். இரண்டும் ஒன்றே எனப் பெருமை பேசுதல் தகாது. ஒன்று இலக்கிய இலக்கணம், மற்றொன்று உளவியற் கொள்கை. எனினும் மெய்ப்பாட்டியலை அறிந்த மாணவனுக்கு ஜேம்ஸின் கொள்கையை விளக்குதல் எளிதன்றோ? 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக விளங்கிய பெரியசாமித் தூரன், 'அடிமனம்', 'தாழ்வு மனப்பான்மை' போன்ற நூல்களை எளிய தமிழில் எழுதி இத்துறையைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றார். அவர் தொடங்கிய பணி கல்லூரி வகுப்பறைக்குள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

ஆங்கிலம் தளர்ந்தால் மேற்படிப்பும் வேலைவாய்ப்பும் தளரும் என்பார் கூற்றையும் நாம் புறக்கணிக்கவில்லை. ஆங்கிலக் கலைச்சொற்களை மாணவர் கற்றே ஆகவேண்டும். ஆயின் பொருளைத் தாய்மொழியில் உணர்ந்த பின் சொல்லை ஆங்கிலத்தில் கற்பது ஏறுதற்குரிய படி. பொருளுணராது சொல்லை மட்டும் ஏந்துவது சுமை.

தேர்வு செய்யும் தீங்கு

இனித் தேர்வுக்கு வருவோம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் இணைப்புக் கல்லூரிகளில் பொதுவாக அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என மதிப்பெண்கள் பகுக்கப்பெறுகின்றன. வினாத்தாளில் வரையறு, வேறுபடுத்து, விளக்குக என்பனவே பெரும்பான்மை. வழிகாட்டி நூலை வாங்கி, பழைய வினாத்தாள்களைப் புரட்டி, தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்தால் தேறிவிடலாம் என்னும் நிலை இதனால் உருவாகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. எவ்வாறு கற்றால் நினைவில் நிற்கும் என்பதை ஆராய்ந்து சொன்ன துறையே உளவியல்தான். 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, தம்மையே சோதித்து, மறதியின் போக்கை அளந்தார். கற்றவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஒரு நாளுக்குள் நழுவிவிடுவதையும், ஒரே அமர்வில் திரும்பத் திரும்பப் படிப்பதினும் இடைவெளி விட்டுப் படிப்பது பயனுடையது என்பதையும் அவர் கண்டறிந்தார். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. ஒரு பகுதியை மீண்டும் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 42 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தனர். படித்ததை நூலைப் பாராது எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். ஐந்தே நிமிடம் கழித்துச் சோதித்தபோதோ மீண்டும் படித்தவர்களே முன்னின்றனர். தேர்வுக்கு முந்தைய இரவின் படிப்பு ஏன் பலித்ததுபோல் தோன்றுகிறது, பின் ஏன் மறைந்துபோகிறது என்பதற்கு விடை இதிலேயே உண்டு.

இவ்வுண்மையைப் பாடமாகப் படித்து, அதற்கு நேர்மாறான முறையில் அதையே தேர்வில் எழுதும் நிலையில் நம் மாணவரை நிறுத்தியுள்ளோம். பல்லாயிரம் விடைத்தாள்களை ஒரே அளவுகோலால் திருத்த வேண்டிய கடமை பல்கலைக்கழகத்திற்கு உண்டு என்பதையும், வரையறை வினாக்களைத் திருத்துதல் எளிது என்பதையும் அறிவோம். ஆயினும் திருத்துவோர் வசதி கற்போர் பயனை விழுங்கிவிடலாகாது.

இக்கவலை ஏன்?

இது மதிப்பெண் பற்றிய கவலை மட்டுமன்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். நம்பிக்கையோடு தர்காவை நாடி வந்தோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் பழித்தல் நம் நோக்கமன்று. நோயை நோயென்று அறிந்து, அவர்கள் மொழியிலேயே அமைதியாக எடுத்துரைக்கத் தக்கார் அருகில் இருந்திருப்பின், அவருள் சிலரேனும் அச்சங்கிலிக்கு முன்னரே மருத்துவத்தை அடைந்திருக்கக்கூடும். மனநோயாளரைச் சங்கிலியிடுதலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்துள்ளது. சட்டம் சங்கிலியை விலக்கும். அறியாமையை விலக்குவது கல்வியே.

கிரிவலப் பாதையிலும் துறவு பூண்டோரிடையே, வீட்டாரால் கைவிடப்பட்டுச் சித்தம் கலங்கி அலைவோரும் உண்டு. துறவையும் நோயையும் வேறுபிரித்தறிய மெய்யான பயிற்சி வேண்டும். அப்பயிற்சியின் முதற்படிதான் முதலாண்டு உளவியல். அப்படியில் சோர்ந்து விலகும் தமிழ்வழி மாணவன் ஒவ்வொருவனும், நம் சிற்றூர்களுக்குக் கிடைக்காமற்போகும் ஓர் ஆறுதல்.

செய்ய வேண்டுவன

தமிழ்த்துறையும் உளவியல் துறையும் இணைந்து, முதலாண்டுக் கலைச்சொற்களுக்கு ஒருசீரான தமிழ்ச் சொல்லும், நம் வாழ்க்கையிலிருந்து எடுத்த ஒரு சான்றும் கொண்ட கையேடு உருவாக்க வேண்டும். ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே இத்துறை எது, எது அன்று என்பதை விளக்கிவிட வேண்டும். வாரந்தோறும் பத்து நிமிடம், மதிப்பெண் அச்சமின்றி, படித்ததை நூலைப் பாராது எழுதும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும். வினாத்தாள் அமைப்போர், நிகழ்வொன்றைத் தந்து அதில் அடங்கிய கொள்கையைக் காணுமாறு கேட்கும் வினா ஒன்றையேனும் ஒவ்வொரு தாளிலும் சேர்க்க வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். "உளவியல் படித்து என்ன ஆவாய்?" என்று பிள்ளைகளைக் கேட்பதற்கு முன், நம் தெருவில் மனந்தளர்ந்தவர்க்கு வழிகாட்ட யார் இருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். மாணவச் செல்வங்களே, பாடம் கடினமாயின் அஞ்ச வேண்டா. உள்ளத்தை அளப்பது எவர்க்கும் எளிதன்று. அக்கடுமை பாடத்திற்கு இயல்பு, உழைத்தால் கடக்கலாம். தேர்வு முறை சேர்த்து வைத்த கடுமையோ மனிதர் ஆக்கியது. அதனை நீக்குதல் பல்கலைக்கழகத்தாரின் கடமை, ஆசிரியராகிய நம் கடமை.