வாளித் தண்ணியில குளிக்க வெளிநாடு போகவேணுமா?

போன மாதம் ஒரு இரவு, ஹொஸ்டலில் தண்ணி நின்றுபோன நேரம் நான் ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருக்கிற ஒரு ‘நிலைபேறான வாழ்வுச் சமூகத்தில்’ ஒரு செமஸ்டர் தங்கிப் படிக்கிற திட்டம் அது. அங்கே தங்களுக்குத் தேவையான மரக்கறியைத் தாங்களே பயிரிடுவார்களாம், மழைத்தண்ணியைச் சேர்ப்பார்களாம், கழிவை உரமாக்குவார்களாம், எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிடுவார்களாம். கட்டணம் டொலரில். ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தால் அப்பாவின்ர ஒரு வருசச் சம்பளத்தையும் தாண்டிப் போகுது. ஆனால் எங்களைப் போன்ற நாட்டுப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் இருக்கு என்று பட்ச்மேட் ஒருத்தி லிங்க் அனுப்பியிருந்தாள்.

படிவத்தின் முதல் பகுதி ‘உங்கள் சூழல் தடம்’. வருடத்தில் எத்தனை தரம் விமானத்தில் பறக்கிறீர்கள்? ஒருநாளும் பறந்ததில்லை. வீட்டில் எத்தனை கார்? இல்லை. குளிக்கச் சுடுதண்ணி எவ்வளவு நேரம் ஓடும்? சிரிப்பு வந்தது. இறைச்சி எத்தனை நாள்? கடைசியாக எப்போது என்று யோசிக்கவேண்டியிருந்தது. எல்லாம் நிரப்பி முடிய, உலகத்தில் எல்லாரும் உங்களைப் போல வாழ்ந்தால் ஒரு பூமியே போதும் என்று பச்சை இலை ஒன்றோடு வாழ்த்து வந்தது.

பக்கத்தில் வெறும் வாளி. படிக்கப் போகமுதலே நான் பாஸ்!

இதை ரூமில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடியக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி அவர்கள் மேல். மற்றப் பாதி எங்கள் மேல். இரண்டையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அவர்கள். இது புதுக் கதை இல்லை. சூழல் கிராமங்களின் உலக வலையமைப்பு 1995இல் உருவானது. அதற்குப் பிறகு லிவிங் ரூட்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு ஸ்கொட்லாந்தின் பின்ட்ஹோர்ன், தமிழ்நாட்டு ஓரோவில் போன்ற இடங்களுக்கு மாணவர்களை செமஸ்டர் கணக்கில் அனுப்பியது. அதற்குப் பல்கலைக்கழகக் கிரெடிட்டும் கிடைத்தது. அந்த அமைப்பு இப்போது இல்லை, ஆனால் அந்த மாதிரித் திட்டங்கள் இருக்கின்றன. நோக்கம் கெட்டதென்று நான் சொல்லமாட்டேன். கார், ஏசி, பெட்டி பெட்டியாக வரும் சாப்பாடு என்று வளர்ந்த ஒரு பிள்ளை, தான் தின்கிற கீரை எந்த மண்ணில் வளருது என்று மூன்று மாதம் பார்க்கிறது நல்லதுதான்.

பிரச்சினை அந்தப் படிவத்தின் இரண்டாம் பகுதியில் இருந்தது. கட்டணம் கட்டி வருபவர்களிடம் கேட்கிற கேள்வி: ‘உங்கள் வாழ்க்கையில் எதைக் கைவிடத் தயாராக இருக்கிறீர்கள்?’ புலமைப்பரிசில் கேட்கிற எங்களிடம் கேட்கிற கேள்வி: ‘இங்கே கற்றதை உங்கள் கிராமத்துக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்?’ அவர்கள் கொடுக்க வருகிறார்கள், நாங்கள் எடுக்க வருகிறோம். எங்களிடம் சொல்லித்தர ஏதாவது இருக்குமோ என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

சரி, இனி நாங்கள். இந்த இடத்தில் எங்கட ஆக்கள் உடனே நெஞ்சை நிமிர்த்துவினம். ‘உதெல்லாம் எங்கட அம்மம்மா செய்தது, வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிக்கிறான்’ என்று பேஸ்புக்கில் ஒரு பதிவு. கீழே முந்நூறு லைக். பொருளாதாரத் தடைக் காலத்துக் கதைகள் வரும். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலின் அடியில் சொட்டு எண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி போட்டு அம்மா படித்திருக்கிறா. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டிருக்கிறார்கள். சவுக்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்திருக்கிறார்கள். எல்லாம் உண்மை. கெட்டித்தனம்தான்.

ஆனால் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். ‘அது நிலைபேறான வாழ்வில்ல பிள்ளை, அது தடை. கரண்ட் வந்த அண்டைக்கு நாங்கள் ஜாம் போத்தலைத் தூக்கி எறிஞ்சனாங்கள்’ என்றா. அந்தப் பனம்பழ மணம் இன்றைக்கும் அவவுக்கு ஆகாது.

குறைவாக வாழ்வது ஒன்று. குறைவாக வாழ வைக்கப்படுவது இன்னொன்று. அந்தச் சூழல் தடக் கணக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதன் கண்ணில் தடைக்காலத்து யாழ்ப்பாணம் ஒரு முன்மாதிரிச் சமூகம். நாங்களும் அதே பிழையைத்தான் செய்கிறோம், பெருமை என்ற பெயரில்.

தெற்கிலும் இது நடந்தது, முழு நாட்டுக்குமே நடந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் ஒரே வீச்சில் தடை செய்தது. நாடு முழுதும் இயற்கை விவசாயமாம். கேட்க எவ்வளவு பச்சையாக இருக்கு! சேதனப் பசளைக்கு மாற எத்தனை பருவம் எடுக்கும், அவ்வளவு பசளை எங்கே இருக்கு என்று வயலில் நிற்கிறவனிடம் யாரும் கேட்கவில்லை. பயிர் விழுந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தார்கள், நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அடுத்த வருடம் மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. காஸ் இல்லாமல் கொழும்பு மாடிவீடுகளிலும் விறகு தேடினார்கள். அந்த மாதங்களில் எங்கள் எல்லாரின் சூழல் தடமும் நன்றாகக் குறைந்திருக்கும். ஆரும் வாழ்த்துச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஆகவே அப்படியொரு சமூகத்துக்குப் படிக்கப் போகிற யாரும் முதலில் கேட்கவேண்டியது ‘ரொய்லெட் எப்படி வேலை செய்யுது’ என்பதல்ல. இங்கே யார் தீர்மானிக்கிறது? யாரின் நிலம்? யார் கூட்டித் துடைக்கிறது?

இந்தக் கேள்விகளோடு ஓரோவிலுக்குப் போங்கள். புதுச்சேரிக்குப் பக்கத்தில், 1968 பெப்ரவரி 28ஆம் திகதி தொடங்கிய நகரம். 50,000 பேருக்கென்று திட்டமிட்டது, இன்று மூவாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். மழை அரித்து வெறுஞ் செம்மண்ணாய்க் கிடந்த மேட்டைக் காடாக்கியிருக்கிறார்கள். அதை யாரும் மறுக்க ஏலாது. மண்ணை அழுத்திச் செய்த கல்லில் வீடு கட்டுகிறார்கள், அதைப் பழக வெளியூர்களில் இருந்தும் ஆட்கள் போகிறார்கள். ஆனால் காலையில் அந்த ரோட்டில் நின்று பாருங்கள். குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி போன்ற சுற்றூர்களில் இருந்து ஆயிரக்கணக்கான தமிழ்ச் சனம் வேலைக்கு உள்ளே போகும். தோட்டத்தில், சமையலறையில், கட்டட வேலையில். செமஸ்டர் மாணவர் ‘எளிமை’ படிக்கிற இடத்தில் அவர்கள் நாட்சம்பளம் எடுக்கிறார்கள். இருவரும் ஒரே காட்டில்தான் நிற்கிறார்கள். ஒருவருக்கு அது பாடம், மற்றவருக்கு அது பிழைப்பு.

நிலத்தின் கதை இன்னும் கூர்மையானது. 1988இல் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு ஓரோவிலின் சொத்துக்களை ஒரு நிறுவகத்தின் கீழ் கொண்டுவந்தது. அதன் நிர்வாகச் சபையை நியமிப்பது மத்திய அரசு. 2021 டிசம்பரில், பழைய நகரத் திட்டத்தில் உள்ள வட்டச்சாலைக்காக மரங்களைத் தள்ள ஜேசிபி வந்தது. அங்கே வாழ்கிறவர்களில் பலர் முன்னால் போய் நின்று மறித்தார்கள். திட்டப்படி நகரம் வேண்டும் என்று சொன்னவர்களும் உள்ளே இருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எந்தப் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. ஆனால் அரை நூற்றாண்டாக மரம் நட்டவர்களுக்கே தங்கள் நிலத்தில் கடைசிச் சொல் இல்லை என்றால், நிலைபேறு என்பது சோலர் தகட்டில் இல்லை, உறுதியிலும் சட்டத்திலும் இருக்கு. கேப்பாப்புலவுச் சனத்துக்கு இதை யாரும் செமஸ்டர் வைத்துப் படிப்பிக்கத் தேவையில்லை. 2017இல் சொந்தக் காணிக்காக இராணுவ முகாம் வாசலில் நாள் கணக்காகக் குந்தியிருந்தவர்கள் அவர்கள். நிலம் திரும்பி வரமுதல் வீட்டுத்தோட்டம் பற்றி என்ன வகுப்பெடுக்கிறது?

அப்படியென்றால் போகவே வேண்டாமா? இல்லை. இங்கேதான் நான் எங்கட பேஸ்புக் பெருமைக்காரரோடு பிரிகிறேன்.

ஐஸ்லாந்தின் தென்மேற்கில் சோல்ஹெய்மார் என்று ஒரு சின்ன ஊர். நூறு பேரளவில்தான் இருப்பார்கள். அமெரிக்க மாணவர்கள் செமஸ்டர் படிக்கப் போன இடங்களில் அதுவும் ஒன்று. நிலத்தடிச் சூட்டில் கண்ணாடிக் கூடாரங்களுக்குள் மரக்கறி வளர்க்கிறார்கள், மரம் நடுகிறார்கள், மெழுகுதிரி செய்கிறார்கள். உலகத்தின் மிகப் பழைய சூழல் கிராமம் என்றுகூடச் சொல்கிறார்கள். ஆனால் 1930இல் அதைத் தொடங்கிய செசெல்யாவுக்கு அப்போது 28 வயது. அவர் தொடங்கியது சூழல் கிராமம் இல்லை. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் ஒரு வீடு. வீடு கட்டி முடியமுதல் பிள்ளைகள் கூடாரத்தில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒன்றாக வளர்த்ததும், மரக்கறிச் சாப்பாடு கொடுத்ததும் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அவர் விடவில்லை. இன்றைக்கும் அங்கே குறைபாடுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒன்றாக வாழ்ந்து வேலை செய்கிறார்கள்.

யாரையும் விட்டுவிடக்கூடாது என்று தொடங்கின இடத்துக்கு மரக்கறித் தோட்டம் தானாக வந்து சேர்ந்திருக்கிறது. மரக்கறித் தோட்டத்தில் தொடங்கினால் மற்றது தானாக வரும் என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று. செசெல்யா இதையெல்லாம் வீட்டில் இருந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. டென்மார்க், ஜெர்மனி, சுவிற்சர்லாந்து என்று வருடக் கணக்கில் வெளிநாட்டில் படித்தார். பிறகு திரும்பி வந்து, தன் நாட்டில் ஒருவரும் கவனிக்காத பிள்ளைகளிடம் போனார். வெளிநாட்டுப் படிப்பை நான் எதிர்க்காததற்கு அவர்தான் காரணம். போய்ப் பார்க்கிற கண் வேறு விதமாய் வேலை செய்யும். ஆனால் அது ஒரு செமஸ்டர் வாழ்க்கை பழகிவிட்டு, படம் பிடித்துப் போட்டு, கிரெடிட்டோடு வீடு திரும்புகிற படிப்பு இல்லை.

எங்கட பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு சொல். 2004 சுனாமிக்குப் பிறகு சர்வோதயம் களுத்துறை மாவட்டத்து லகோஸ்வத்தையில் 55 குடும்பங்களுக்கு ஒரு சூழல் கிராமம் கட்டியது. மழைநீர்த் தொட்டி, சோலர், பொது மண்டபம் எல்லாம் வைத்து. இத்தனை வருடமாகக் கலைப்பீடத்தில் இருக்கிறேன், நிலைபேறான அபிவிருத்தி பற்றி எத்தனையோ லெக்சர் கேட்டாச்சு, இந்தப் பெயரை ஒருதரும் உச்சரிக்கவில்லை. அங்கே குடியேறியவர்கள் கடல் வீட்டைக் கொண்டுபோனபடியால் போனவர்கள். அவர்களிடம் கேட்க எவ்வளவு இருக்கு! எது உதவியது, எது பழுதானபின் திருத்த ஆளில்லாமல் கிடந்தது, எதை அவர்களிடம் கேட்காமலே கட்டினார்கள் என்று. பஸ்ஸில் போய்வரலாம். விசாவும் வேண்டாம், டொலரும் வேண்டாம். ஒரு செமஸ்டர் அங்கே தங்கிப் படித்தால் கிரெடிட் தர எங்கட பீடங்களுக்கு என்ன தடை? தமிழ்ப் பிள்ளைகள் சிங்களக் கிராமத்தில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறதே ஒரு பாடமாக இருக்கும். வெளிநாட்டுக் கிராமத்தில் நடந்தால்தான் அது கற்கை, பக்கத்து மாவட்டத்தில் நடந்தால் அது ட்ரிப்பா?

படிவத்தைக் கடைசி நாளில் அனுப்பினேன். ஓம், அனுப்பினேன். கோபம் இருக்கிறவர்கள் எல்லாரும் விலகி நின்றால் அந்த மேசையில் வாழ்த்துச் சொல்கிறவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். ‘கற்றதை உங்கள் கிராமத்துக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள்’ என்ற கட்டத்தில், கொண்டுவருவதற்கும் என்னிடம் சில இருக்கு என்று எழுதினேன். தடை, உரம், காணி என்று மூன்றையும் எழுதினேன். உங்கள் இடத்தில் யார் கூட்டித் துடைக்கிறார்கள் என்றும் கேட்டேன். 300 சொல்லுக்கு மேலே அந்தக் கட்டம் எடுக்காது. அடங்காததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

கிடைக்குமோ தெரியாது. கிடைத்தால் போவேன், வந்து எழுதுவேன். கிடைக்காவிட்டால் லகோஸ்வத்தைக்கு பஸ் எடுக்கிற யோசனை இருக்கு. வாறவை சொல்லுங்கோ.