கடாரம் வென்றவர்களும் கடை போட்டவர்களும்

'கடாரம் கொண்டான்' என்று மேடையில் ஒருவர் சொல்லிவிட்டால் போதும், நம் பையன்கள் விசிலடித்தே கூரையைப் பிய்த்துவிடுவார்கள். அடிக்கட்டும். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பல் படை வங்கக் கடலைத் தாண்டிப் போய், ஸ்ரீவிஜய அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தது சாதாரண காரியமா? ஆனால் நண்பர்களே, விசில் ஓய்ந்ததும் ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? அப்புறம் என்ன ஆச்சு?

இதைப் புரிந்துகொள்ள உலகத்தின் இன்னொரு மூலைக்கும் போய் வர வேண்டும். நார்வே, டென்மார்க், ஸ்வீடன் பக்கத்து வைக்கிங்குகள். சினிமாவில் கொம்பு வைத்த ஹெல்மெட்டோடு வருவார்களே, அவர்கள்தான். (கொம்பு சும்மா கதை. நிஜத்தில் கிடையாது.) ராஜேந்திரன் இங்கே ஆண்ட அதே காலத்தில், 1016-ல், க்னூட் என்ற டென்மார்க்காரன் இங்கிலாந்துக்கு ராஜாவானான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் வைக்கிங்குகள் வெட்டிய மரத்துண்டுகள் கிடைத்திருக்கின்றன. வெட்டிய வருஷம் 1021 என்று மர வளையங்களை வைத்து விஞ்ஞானிகள் 2021-ல் கண்டுபிடித்தார்கள். நம் கப்பல்கள் கடாரம் போனதற்கு நாலே வருஷம் முந்தி!

மெக்கானிக்கல் நண்பர்கள் இதையும் கேளுங்கள். வைக்கிங் கப்பலில் ஒரு பலகையின் ஓரம் அடுத்த பலகையின் மேல் ஏறி உட்காரும். அதை இரும்பு ரிவெட் அடித்து இறுக்குவார்கள். நாம் வொர்க்‌ஷாப்பில் படிக்கிற லேப் ஜாயிண்ட்டேதான். நார்வேயில் மண்ணைத் தோண்டி எடுத்த கோக்ஸ்டாட் கப்பல் சுமார் 23 மீட்டர் நீளம், 32 துடுப்பு. இந்தியப் பெருங்கடல் பக்கத்தில் பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்தே மரக்கலம் கட்டும் வழக்கம் இருந்தது. ரிவெட்டும் கடல் தாண்டியது, கயிறும் கடல் தாண்டியது.

இனி பெருமைக்கு மறுபக்கம். 793-ல் வைக்கிங்குகள் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்தார்கள். அடி வாங்கிய துறவிகளே எழுதத் தெரிந்தவர்கள் என்பதால் உலகத்துக்கு வைக்கிங் என்றாலே கொள்ளைக்காரன் என்று ஆகிவிட்டது. நம் கதையிலும் இது உண்டு. சோழர் படை 993-ல் அநுராதபுரத்தைப் பிடித்தது. 1017-ல் அரசன் ஐந்தாம் மகிந்தனையே சிறைபிடித்து வந்தது. அந்தப் படை விகாரைகளை உடைத்துச் சூறையாடியதை இலங்கையின் 'சூளவம்சம்' கசப்போடு சொல்கிறது. அதை எழுதி வைத்தவர்களும் துறவிகள்தான். நாம் விசிலடிக்கிற கதையை அங்கே ஒருவர் வயிறெரிந்து எழுதியிருக்கிறார்! சோழன் செய்தால் வீரம், வைக்கிங் செய்தால் கொள்ளை என்று ரெண்டு தராசு வைக்க என்னால் முடியவில்லை.

வாளால் பிடித்தது நின்றதா என்றால் அதுவும் இல்லை. 1070-ல் விஜயபாகு சோழரை இலங்கையை விட்டே வெளியேற்றினான். ஸ்ரீவிஜயத்தைச் சோழர்கள் நாடாக வைத்து ஆளவும் இல்லை. நின்றவர்கள் வேறே ஆட்கள். கடாரப் படையெடுப்புக்கு முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில், தாய்லாந்தின் தகுவாபாவில் 'அவனிநாரணம்' என்று ஒரு குளம் வெட்டி, அதை மணிக்கிராமத்து வணிகர்களின் பாதுகாப்பில் விட்டதாகத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கொள்ளையடிக்கப் போனவன் குளம் வெட்டுவானா? சுமத்ராவில் கர்ப்பூரத்துக்குப் பேர்போன பாருஸில் 1088-ல் ஐந்நூற்றுவர் வணிகக் குழு ஒரு கல் நட்டது. வருகிற கப்பல்காரர்கள் கஸ்தூரி விலைக்குத் தக்கபடி பொன் கட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டுமாம். பழைய ஜூஜூவாடி செக்போஸ்ட் ஞாபகம் வருகிறதா? 1281-ல் சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் சிவன் கோயிலுக்கே தமிழில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள்.

வைக்கிங் கதையும் அப்படியே. ஐஸ்லாந்தில் குடியேறி ஆடு மேய்த்தார்கள், பயிர் வைத்தார்கள். அங்கே போன பெண்களில் பாதிக்கு மேல் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்தவர்கள் என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது. நிறைய பேரை அடிமையாகப் பிடித்துப் போனார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. 911-ல் பிரான்சின் நார்மண்டியில் நிலம் வாங்கி உட்கார்ந்தவர்கள் சில தலைமுறைகளில் பிரெஞ்சே பேசினார்கள். நம்மை இன்டர்வியூவில் மிரட்டுகிற இங்கிலீஷில் 'விண்டோ', 'நைஃப்', 'எக்', 'தே' எல்லாம் வைக்கிங் பாஷை கொடுத்த சொற்கள்தான்.

சரி, ஓசூர்க்காரனுக்கு இதில் என்ன? நிறைய இருக்கிறது. கோலாரில் கோலாரம்மா கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பெங்களூர் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. மறுபக்கம், 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள அரசன் ராமநாதன் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குந்தாணியில், இன்றைய சின்னகொத்தூரில், தலைநகர் வைத்து ஆண்டான். கன்னட தேசத்து வம்சம், கல்வெட்டோ தமிழில்! நார்மண்டி கதை நம் பக்கத்து ஊரிலேயே நடந்திருக்கிறது. இந்த மண்ணில் யார் உள்ளூர், யார் வெளியூர் என்று கோடு கிழித்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

எங்க அப்பா அரூர் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க ஓசூர் வந்தவர். எங்கள் லைன் வீட்டு ஓனரம்மா பேசுவது தெலுங்கு, கடைக்காரர் கன்னடம். எங்கள் வம்சத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா இங்கே வரவில்லை என்றால் நான் பாலிடெக்னிக் வாசலை மிதித்திருக்க மாட்டேன். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் பெங்களூரிலிருந்து தமிழர்கள் மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டி வந்தார்கள். 2016 செப்டம்பரில் பஸ் நின்றுபோய், ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே வந்தார்கள். 'வந்தவன்' என்ற சொல் எப்படிச் சுடும் என்று நம் ஊருக்குத் தெரியும். அப்படியிருந்தும் சிப்காட் பஸ்ஸில் பீகார், ஒடிசா ஆட்கள் ஏறினால் 'வடக்கன்' என்று நாமே சிரிக்கிறோம். கடல் தாண்டிக் கடை போட்ட தமிழன் பெருமை, ரயிலேறி வந்த ஒடிசாக்காரன் மட்டும் கேவலமா?

"அவன் குறைஞ்ச கூலிக்கு வர்றான், நம்ம அப்ரண்டிஸ் சீட்டு போகுது" என்று நண்பர்கள் சொல்வார்கள். வலி நிஜம்தான், எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் கூலியைக் குறைப்பது அவனா, ஆளை எடுக்கிற காண்ட்ராக்ட் முறையா? ஒரே மெஷினில் நிற்கிற ரெண்டு பேருக்கும் ஒரே கூலி என்று கேட்டால், அவனும் நம்மோடு நின்று கேட்பான்.

கடைசியாக நம் ஸ்டாஃப் ஐயாமார்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷ டூருக்கு ஊட்டி, மைசூர் வேண்டாம். கிருஷ்ணகிரி மியூசியத்தில் நடுகற்களைப் பார்த்துவிட்டு, அப்படியே சின்னகொத்தூர் போய் வரலாம். டீசல் செலவும் கம்மி.