டெபிட் நோட்டுக்குப் பதில் போட்டாரா?

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் வராக்கடன் கோப்போடு வந்து உட்கார்ந்தால், நம் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பழைய நோட்டீஸைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, மாலைக்குள் தபாலில் சேர்த்துவிடுகிறோம். கட்சிக்காரருக்கும் அதில் திருப்தி. இரண்டு வாரத்தில் பதில் நோட்டீஸ் வரும். கட்சிக்காரர் நம்மிடம் மூச்சுவிடாத காகிதம் ஒன்று அதில் தலைகாட்டும். எட்டு மாதம் முன்பு கம்பெனி அனுப்பிய டெபிட் நோட். ஷேட் மாறியதாம், பையர் தள்ளுபடி கேட்டாராம், பில்லில் பாதியைக் கழித்துவிட்டார்களாம்.

அந்த ஒரு தாள் போதும். கோரிக்கை நோட்டீஸுக்கு முன்பே உண்மையான தகராறு இருந்தால், திவால் சட்டத்தின் 9ஆம் பிரிவு மனு நிற்காது என்று 2017இல் மொபிலாக்ஸ் தீர்ப்பு சொல்லிவிட்டது. பாக்கி ஒரு கோடி வரம்பைத் தொட்டிருந்தாலும் அதே கதிதான். கட்டளை 37இன் கீழ் தாவா போட்டாலும், எதிர்வாதம் செய்ய அனுமதி கேட்கும் பிரதிவாதி முதலில் நீட்டுவது இதைத்தான்.

ஆகவே நோட்டீஸுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: டெபிட் நோட் வந்தபோது கட்சிக்காரர் எழுத்தில் மறுத்தாரா? பெரும்பாலும் மறுத்திருக்க மாட்டார். அடுத்த ஆர்டர் கைவிட்டுப் போகுமே என்ற பயம்.

அவர் குறு, சிறு நிறுவனமாக இருந்தால் இன்னொரு பிடி உண்டு. சரக்கைக் கொடுத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(பி). தரத் தகராறை இது முழுக்க அடைத்துவிடாது. ஆனால் பணம் தர வேண்டிய கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும்; கெடு தாண்டினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கில், மாதாந்தரக் கூட்டு வட்டி. அந்தச் சட்டத்தின் கீழ் இயங்கும் வசதிக் கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போக 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும் என்பதால், அதுவரை போனை எடுக்காத முதலாளிகூட சமரசத்துக்கு இறங்கி வருகிறார். உத்யம் பதிவுத் தேதியை மட்டும் முதலிலேயே பாருங்கள். சப்ளைக்குப் பிந்தைய பதிவு என்றால் எதிர்த்தரப்பு 2021இன் சில்பி தீர்ப்பை எடுத்துவரும். 2025 ஜனவரியில் என்.பி.சி.சி. வழக்கில் அந்தக் கேள்வி மூன்று நீதிபதிகளின் பார்வைக்கு அனுப்பப்பட்டது உண்மைதான். அதை நம்பி ஒரு கோப்பைத் தொடங்க நான் சொல்ல மாட்டேன்.

செக் இருந்தால் 138ஆம் பிரிவின் நாள்கணக்கு நம் எல்லோருக்கும் மனப்பாடம். நாம் கோட்டை விடுவது மூன்றாண்டுக் காலவரையறையில். “அடுத்த வாரம் போட்டுடறேன்” என்ற வாட்ஸ்அப் செய்தியை 18ஆம் பிரிவின் ஒப்புதலாக வாதாடலாம். ஆனால் கையெழுத்து எங்கே, 63(4) சான்றிதழ் எங்கே என்று கேள்வி வரும். மார்ச் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் வாங்கிவைக்கும் பாக்கி உறுதிக் கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. கெடு முடியுமுன் கையெழுத்தாகியிருந்தால் போதும்.

இதையெல்லாம் பில் போடும் கட்டத்திலேயே பார்த்துக்கொடுக்க ஓர் இளம் வழக்கறிஞருக்கு மாதம் ஒரு நாள் போதும். வேலை செய்யலாம், கூலி யார் தருவார் என்பீர்கள். வசூலில் இத்தனை சதவீதம் என்று பேச பார் கவுன்சில் விதி இடம் தராது. கணக்கைப் படித்து டெபிட் நோட்டுக்குப் பதில் எழுதித் தரும் வேலைக்குத் தனியாக பில் போடுங்கள்.