ஆரூடம் கேட்காதீர்கள், ஆள் கொடுங்கள்

ஒரு குழந்தை சொந்த வீட்டிலேயே அடித்துக் கொல்லப்பட்டால் மறுநாளே கேள்வி எழுகிறது: “போய்ப் பார்த்த சமூகப் பணியாளருக்கு இது முன்பே தெரியாமல் போனது எப்படி?” திறமைசாலி என்றால் வரப்போகும் கொலையைக் கணித்திருப்பார் என்று பலரும் நம்புகிறோம். இந்த நம்பிக்கை தவறானது. குழந்தைகளுக்கே கேடு செய்வது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் குழந்தைகளில் 10 பேருக்கு உயிராபத்து என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் கணிப்பு அவர்களில் 9 பேரைக் காட்டிக்கொடுக்கும். கூடவே, ஆபத்தே இல்லாத சுமார் 10,000 குழந்தைகளையும் அதே பட்டியலில் சேர்க்கும். அத்தனை பேரையும் பெற்றோரிடமிருந்து பிரிப்பதா?

கணினி இதைத் தீர்த்துவிடும் என்கிறார்கள். அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரம் அடங்கிய அலெகெனி கவுண்டியில் 2016 முதல், புகார் வந்த குடும்பத்துக்குக் கணினி 1 முதல் 20 வரை மதிப்பெண் போடுகிறது. அது பார்ப்பது அரசுப் பதிவுகளை. அரசு உதவியை நம்பி வாழும் ஏழையின் வாழ்க்கை அதில் பக்கம் பக்கமாக இருக்கும். தனியார் மருத்துவரிடம் போகும் வசதிக்காரர் தப்பிவிடுவார்.

உண்மையில் குறை கணிப்பில் இல்லை. லண்டன் ஹாரிங்கேயில் 2007இல் பீட்டர் என்ற 17 மாதக் குழந்தை இறந்தான். எட்டு மாதங்களில் பணியாளர்களும் மருத்துவர்களும் சுமார் 60 முறை அவனைப் பார்த்திருந்தார்கள். சாவதற்குச் சில நாள் முன்பு பணியாளர் வந்தபோது, காயம் தெரியாதபடி அவன் முகத்தில் வீட்டார் சாக்லேட் பூசியிருந்தார்கள். அந்த முகத்தைத் துடைத்துப் பார்த்திருக்க வேண்டும். அதற்கு ஜோசியம் வேண்டாம். சந்தேகப்படும் துணிச்சலும் போதிய நேரமும் மேலதிகாரியின் ஆதரவும் வேண்டும். எட்டு வயது விக்டோரியா கிளிம்பியேவின் சாவை விசாரித்த லேமிங் பிரபுவின் 2003 அறிக்கையும், அவளைக் காப்பாற்ற 12 வாய்ப்புகள் கைநழுவியதைச் சுட்டியது. அவற்றைப் பயன்படுத்தத் தேவைப்பட்டதெல்லாம் அடிப்படைக் கடமையைச் செய்வதுதான்.

பீட்டர் வழக்கில் ஊர் பழி போட ஆள் தேடியது. ஹாரிங்கே குழந்தைகள் துறையின் தலைவரை நீக்குவதாகப் பத்திரிகையாளர்கள் முன் அமைச்சர் அறிவித்தார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கம் சட்டவிரோதம் என்றது. இதற்கிடையே, பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கோரும் மனுக்கள் இங்கிலாந்து நீதிமன்றங்களில் பெருகின. பழிக்கு அஞ்சும் பணியாளர் முதலில் தன்னைத்தான் காப்பாற்றிக்கொள்வார்.

ஒரு பணியாளரின் முடிவை, அன்று அவருக்குத் தெரிந்ததை வைத்து எடைபோடுங்கள். தெரிந்தும் சும்மா இருந்தால் தண்டியுங்கள். தெரிய வழியே இல்லாததற்குத் தண்டிக்காதீர்கள். தலைக்கு இத்தனை வழக்குதான் என்று வரம்பு வையுங்கள். குழந்தையோடு தனியாக உட்கார்ந்து பேச நேரம் கொடுங்கள். பிள்ளைகளைக் காப்பாற்றும் வழி அதுதான்.