எமது பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது?

1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது சில நாட்களில் திரும்பலாம் என்றே நாம் எண்ணினோம். மாடுகளை அவிழ்த்து விட்டோம். கட்டித் தூக்கிய வெங்காயப் பிடிகள் கொட்டிலிலேயே கிடந்தன. வந்து சேர்ந்தது மல்லாகம், மருதனார்மடம், இணுவில், கோண்டாவில் என்று யாழ். நகரை அண்டிய ஊர்களுக்கு. சிலர் முகாமில், சிலர் உறவினர் வளவில், சிலர் வாடகை வீட்டில். எமது பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அந்த ஊர்கள்தான் சொந்த ஊர்.

தேர்தல் வரும்போது எம்மைப் பற்றி ஒரு கதை சொல்லப்படும். "நகர்ப்புறத்தில் ஒதுங்கியிருக்கும் இடம்பெயர்ந்த சனம் வோட்டுப் போட வராது, வந்தாலும் ஆருக்குப் போடும் என்று தெரியாது" என்பார்கள். இதை நாம் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கோபப்படுவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

1994 ஆவணியில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் பத்து ஆசனங்களில் ஒன்பதை ஒரு சுயேச்சைக் குழு வென்றது. அதற்குக் கிடைத்தவை 10,744 வாக்குகள் மட்டுமே. குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பே நடக்கவில்லை. 2005 சனாதிபதித் தேர்தலில், புறக்கணிப்பும் அச்சமும் சேர்ந்து, மாவட்டத்தில் வாக்களித்தோர் 1.2 வீதம். நாடு முழுவதிலும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்த வித்தியாசமோ சுமார் 1,80,000 வாக்குகள்! அந்தத் தேர்தலைப் பற்றி இன்றும் எமது திண்ணைகளில் வாக்குவாதம் ஓய்வதில்லை. 2010 சனாதிபதித் தேர்தலில் ஏறத்தாழ 26 வீதம். அடுத்து 2013 மாகாண சபைத் தேர்தலில் வடக்கில் 67 வீதத்துக்கு மேல். மூன்று வருடத்தில் சோம்பேறிகள் சுறுசுறுப்பாகிவிட்டார்களா?

இல்லை. ஒன்று, பயம் குறைந்தது. மற்றது, இடாப்புத் திருத்தப்பட்டது. 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்ட இடாப்பில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. கனடாவுக்கும் சுவிசுக்கும் போனவர்கள், இறந்தவர்கள், எங்கே என்று தெரியாதவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். 2015இல் அது சுமார் 5,29,000 ஆயிற்று. வராதவர்களைக் கணக்கில் வைத்துக்கொண்டு வந்தவர்களின் வீதத்தைக் குறை சொன்னால் அது சரியான கணக்காகுமா?

ஆனால் இடாப்புச் சுருங்கியதற்கு நாம் ஒரு விலையும் கொடுத்தோம். ஆசனங்கள் பதிவான வாக்காளர் தொகைக்கேற்பவே பங்கிடப்படுகின்றன. 2010இல் ஒன்பது உறுப்பினர்களை அனுப்பிய எமது மாவட்டம் 2015இல் ஏழு பேரையும் 2024இல் ஆறு பேரையும்தான் அனுப்பியது. அதே காலத்தில் கொழும்பின் புறநகரங்கள் நிறைந்த கம்பகா 18இலிருந்து 19 ஆயிற்று. சனம் போய்க் குடியேறும் இடத்துக்கு ஆசனமும் போகிறது. இங்கே இருந்தும் பதியாமல் விட்ட ஒவ்வொரு பெயரும் இந்தக் குறைவில் சேர்ந்தே இருக்கிறது.

சாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்தவர்கள் ஒரே கட்சிக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது பழைய எண்ணம். 2024 கார்த்திகையில் தேசிய மக்கள் சக்தி யாழ். மாவட்டத்தில் மூன்று ஆசனங்களைப் பெற்றது. தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சிக்கு இப்படி நடக்கும் என்று முன்பு யாரும் எண்ணியதில்லை. ஆறு மாதத்தின் பின் 2025 வைகாசியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் அதே மாவட்டத்தின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி முன்னுக்கு வந்தது. காணிக்கு ஒரு கணக்கு, வாய்க்காலுக்கு ஒரு கணக்கு என்று எமது சனம் பிரித்துப் பார்க்கிறது என்றே நாம் எண்ணுகிறோம்.

இனி, பலர் வாய்விட்டுப் பேசாத விடயத்துக்கு வருவோம். பெயரை எங்கே பதிவது? பழைய ஊரிலா, இருக்கும் இடத்திலா? ஊரில் இருந்து பெயரை எடுத்தால் காணியும் போய்விடும் என்று முதியவர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் உறுதிக் காணியின் உரிமை உறுதியில் இருக்கிறது, வாக்காளர் இடாப்பில் இல்லை. இருந்தாலும், காணி விடப்படாத ஊரில் வாக்காளர் தொகை குறைந்துகொண்டே போனால் அந்த ஊருக்காக வாய் திறக்க ஒருவரும் இருக்கமாட்டார். இதையும் மறுக்க முடியாது. 2013இல் கொண்டுவரப்பட்ட விசேட பதிவுச் சட்டம் இப்படியான குடும்பங்களை மனதில் வைத்தே, குறித்த காலத்துக்கென ஆக்கப்பட்டது.

பழைய ஊரில் பெயரை வைத்திருப்பதும் இலேசான காரியமல்ல. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு இரவிரவாகப் பஸ்ஸில் போய் வாக்களித்திருக்கிறார்கள். 2019 சனாதிபதித் தேர்தலன்று அந்த பஸ்கள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அவர்கள் அதற்குப் பிறகும் மன்னாருக்குத்தான் போனார்கள்.

எமது கருத்து இதுதான். காணி இன்னும் விடப்படாமல், விட்டால் திரும்புவோம் என்று உறுதியாக இருப்பவர்கள், அலுவலர் ஏற்றுக்கொண்டால், ஊரிலேயே பெயரை வைத்திருக்கட்டும். வாக்களிப்பு நாளில் போய்வரப் பஸ் காசை ஒதுக்கி வைக்கட்டும். ஆனால் கோண்டாவிலில் கல்வீடு கட்டி, பிள்ளைகளை அங்கே கட்டிக்கொடுத்தவர்கள் ஊருக்குத் துரோகம் செய்கிறோமோ என்று மனங்குமையத் தேவையில்லை. இருக்கும் இடத்தில் பதியலாம். 2018 முதல் பிரதேச சபை உறுப்பினர்களில் அறுபது வீதமானோர் வட்டாரத்தில் இருந்தே தெரிவாகிறார்கள். சிறிய வட்டாரமொன்றில் முப்பது நாற்பது வாக்குகளே முடிவை மாற்றப் போதும். மாரியில் எமது வாசலில் நிற்கும் வெள்ளத்தை வெட்டி விடுவதா இல்லையா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. இரண்டு இடத்திலும் பெயர் வைக்க முடியாது. ஒரு இடத்திலும் இல்லாமல் இருக்கவும் கூடாது.

கிராம அலுவலர் படிவத்தோடு வரும்போது பெரும்பாலும் நாம் தோட்டத்தில் நிற்கிறோம், அல்லது கூலிக்குப் போய்விடுகிறோம். "ஆளில்லை" என்று எழுதப்பட்ட வீடுகள் இப்படித்தான் வருகின்றன. வீட்டில் நிற்கும் கிழவியிடமாவது அடையாள அட்டை இலக்கங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளையின் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும் நாட்களில் போய்ப் பாருங்கள். விடுபட்டிருந்தால் உரிமைக் கோரிக்கை கொடுக்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடித்திரிந்து பயனில்லை.