1639க்கு முன்பே இருந்த ஊர்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 22 வந்தால் ஏதாவதொரு மேடையில் அதே பேச்சு. வெள்ளைக்காரன் 1639இல் வந்தானாம், ஒன்றுமில்லாத பொட்டலில் சென்னை நகரத்தை உண்டாக்கினானாம், அது வளர்ந்து நீண்டதால் பிறந்த புறநகர்தான் திருவொற்றியூராம். கேட்டுக் கேட்டுப் பொறுமை போய்விட்டது.

1639 கோட்டை கட்ட இடம் கிடைத்த ஆண்டு, அவ்வளவுதான்.

பொட்டல் என்பவர்கள் திருவொற்றியூர்க் கோயில் சுவரைப் படித்ததுண்டா? ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவன் அபராசிதனின் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்டான். அவனோடு உயிர்விட முடியாமற்போன சேரநாட்டு வல்லபன், அந்தத் துயரத்திலேயே துறவு பூண்டு, சதுரானன பண்டிதன் என்ற பெயரில் இவ்வூர் மடத்தின் தலைவனானான். இதைச் சொல்வதும் கல்வெட்டுதான். பின்னர் அதே பட்டப்பெயர் தாங்கிய ஒருவர் சொல்ல, இராசேந்திர சோழன் காலத்தில் ரவி என்னும் வீரசோழத் தச்சன் கருங்கல்லில் எடுத்த தூங்கானை மாட விமானம் இன்றும் நிற்கிறது. வியாகரணம் கற்பிக்கத் தனி மண்டபமும், ஆசிரியர் மாணவர் பிழைக்க நிலமும் இருந்தன. போரில் எல்லாம் இழந்தவன் தேடிவந்து அடைக்கலம் கொண்ட மடம், தன் பெயரைக் கல்லில் பொறிக்கும் மதிப்புப் பெற்ற தச்சன், சோறு போட்டுப் படிக்கவைத்த கோயில்! இத்தனையும் இருந்த ஊரையா பொட்டல் என்பது?

நகரம் நீண்டு ஊரைப் பெற்றது என்கிறார்கள். நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகியவற்றோடு திருவொற்றியூரையும் கிழக்கிந்தியக் கம்பெனி 1708இல் கேட்டு வாங்கியது. இல்லாத ஊரை யார் கேட்டு வாங்குவார்கள்? அதன் பிறகும் தியாகராசர் இங்கே வந்து இக்கோயில் அம்மன் திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். வள்ளலார் ஏழுகிணற்றிலிருந்து இந்தச் சந்நிதிக்கு வந்துகொண்டிருந்தார். தனி நகராட்சியாக இருந்த ஊரை மாநகராட்சி தன் முதல் மண்டலமாகச் சேர்த்துக்கொண்டது 2011இல்தான்.

தொழிற்சாலை வந்ததே என்பார்கள். வந்தது; 1956 முதல் இங்கே புல்லட் வண்டி செய்தார்கள். அதில் உழைத்ததும் இந்த வட்டாரத்து மக்கள்தான்.

நகரம் கொடுத்ததைக் கணக்கெழுதுகிறவர்கள் எடுத்ததையும் எழுதவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர் எழுந்ததும், வடக்கே நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது; வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர்ப் பக்கம் வரை கடல் கரையைத் தின்றது. திருவொற்றியூர் மீனவர்கள் வீடு இழந்தார்கள், படகு நிறுத்தும் கரையையும் இழந்தார்கள். அடுத்த ஆகஸ்டில் மேடை ஏறுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.